பிச்சை மகளின் தோட்டா

மேலவயல், பொன்னமராவதி வழி
6.1.2025

அமுதா,

என் எண்ணை நீ பிளாக் செய்து இன்றோடு பதினெட்டு நாள். தபால்காரர் நாகராசு அண்ணனை பிளாக் செய்ய உன் போனில் வசதி இல்லை. அதனால் ஸ்பீட் போஸ்ட்.

ஒரே கேள்விதான். 4417-ஐ ஏன் வாங்கினாய்?

அன்று கிளப்பின் சுடும் ரேஞ்சில் நீயும்தான் இருந்தாய். டீலர் நாலு லாட் தோட்டா, நாலு தயாரிப்புத் தொகுதி, கொண்டுவந்தார். ஒரே கம்பெனி, ஒரே பச்சை டப்பா, எண் மட்டும்தான் வேறு. கோச் திருப்பதி சார் நான் சுடும் கிளப் ரைபிளை மேசை இடுக்கியில் இறுக்கிக் கட்டி, நாலிலும் பத்துப் பத்து தோட்டா சுட்டுப் பார்த்தார். மூன்று லாட் கண்டபடி சிதறியது. 4417 மட்டும் ஐம்பது மீட்டரில் பத்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தது. அடுத்து உன் ரைபிளைக் கட்டினார். அதே 4417 உன் குழாயில் காசைத் தாண்டி வெளியே ஓடியது. உனக்கு 4402தான் உட்கார்ந்தது. சார் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஒருத்தர் செருப்பு இன்னொருத்தருக்குச் சேராதும்மா. குழாய்க்கு எது புடிக்குதோ, அதுதான் அதுக்குத் தோட்டா.”

டீலரிடம் 4417 இருந்ததே ஐயாயிரம்தான். எனக்கு வாங்க கிளப் கமிட்டி கூட வேண்டும், தலைவர் கையெழுத்துப் போட வேண்டும், தலைவர் மதுரையிலிருந்து வர வேண்டும். உனக்குச் சொந்த லைசென்ஸ் இருக்கிறது. நாலே நாளில் உன் அப்பா போன் போட்டு ஐயாயிரத்தையும் எடுத்துவிட்டார். உன் குழாய்க்கு ஆகாத தோட்டாவை. அன்றைக்கே என்னை பிளாக்கும் செய்தாய்.

மார்ச் எட்டாம் தேதி மாநிலப் போட்டி. முதல் மூன்று இடத்தில் வந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போட முடியும். இந்த வருஷத்தோடு எனக்கு ஜூனியர் வயதும் முடிகிறது. நீ வென்றால் உங்கள் ஹாலில் இன்னொரு போட்டோ ஏறும். நான் வென்றால் என் அப்பா உங்கள் கொல்லையில் கடலை பிடுங்குவதை நிறுத்துவார். வித்தியாசம் புரிகிறதா?

எனக்கு உன் மேல் பொறாமை உண்டு. உன் ரைபிள் மேல், அந்த நீல ஜாக்கெட் மேல், காரில் ஏசி போட்டுக்கொண்டு வேர்க்காமல் ரேஞ்சில் வந்து இறங்குவதன் மேல். நான் இரண்டு பஸ் மாறி நின்றுகொண்டே வந்து, கை நடுக்கம் அடங்கக் கால் மணி நேரம் காத்திருப்பேன். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன்னிடமிருந்து நான் எதையும் எடுத்ததில்லை.

ஆயிரம் கொடு. கிளப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம். மீதியை நீயே வைத்து அழகு பார்.

ஷர்லி


கோயம்புத்தூர்
14.1.2025

ஷர்லி,

பொங்கலும் அதுவுமாக எனக்கு வந்த வாழ்த்து உன் கடிதம்தான். இங்கே ஷூட்டிங் அகாடமியில் எல்லோர் முன்னாலும் பிரித்துத் தொலைத்தேன்.

என்னவோ நான் உன் சோற்றுத் தட்டைப் பிடுங்கியதுபோல எழுதியிருக்கிறாய். வீட்டில் என் பழைய ரைபிள் இருக்கிறது. அதற்கு உட்காருமா என்று பார்க்கத்தான் வாங்கினோம். இன்னும் பார்க்கவில்லை. நேரம் இல்லை. இங்கே காலை ஐந்தரைக்கே எழுப்புகிறார்கள்.

அப்புறம், கொடு கொடு என்கிறாயே, லைசென்ஸ்காரர் ஒருவர் இன்னொருவருக்குத் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இல்லை. கிளப் மூலம் என்றாலும் அதற்கு ஆயிரம் பேப்பர். உனக்காக நான் ஏன் அலைய வேண்டும்?

ஒன்று கேட்கிறேன். ஷர்லி ஒரு அதிசயம் என்றுதானே கிளப்பில் பேச்சு? “ஷர்லி மூச்ச விடுறதப் பாருங்க, ஷர்லி படுக்கிறதப் பாருங்க.” மூன்று வருஷமாக எனக்கு இதுதான் பாடம். என் அப்பா கட்டணம் கட்டி என்னைச் சேர்த்துவிட்ட இடத்தில் நான் உன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்வளவு பெரிய அதிசயம் வேறு தோட்டாவிலும் அடிக்கட்டுமே. கடைத்தோட்டாவில் அடி. அப்போது ஒத்துக்கொள்கிறேன்.

உனக்கு நன்றி என்பதே தெரியாது. உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னை “வாங்க தங்கச்சி” என்பார்கள். நீ அதே வாசலில் நின்று “ஏய், வாடி, பஸ்சு போயிரும்” என்று கத்துவாய். என் அம்மா முகத்தைச் சுளிப்பாள். நான் ஒரு நாளும் உன்னை ஒன்றும் சொன்னதில்லை. அதையாவது நினைத்துப் பார்.

அமுதவல்லி


புதுக்கோட்டை
3.2.2025

அமுதவல்லி,

பெரியாஸ்பத்திரி ஆண்கள் வார்டில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் வீட்டில் உன்னிடம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை பொழுது சாயும் நேரம். உங்கள் கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்குகிறது என்று ஒரு வாரமாகப் பேச்சு. சுடுவதென்றால் வனத்துறைதான் சுட வேண்டும். அந்தச் சட்டம் உன் அப்பாவுக்காக எழுதியதில்லை. உன் பழைய ரைபிளோடு வந்திருக்கிறார். என் அப்பாவைக் கூப்பிட்டு, “டேய் பிச்சை, நீ அங்கிட்டுக் கண்மாய்க் கரையில போயி தகரத்தத் தட்டு. கருவைக்குள்ளருந்து வெளிய வரட்டும். நான் இங்கிட்டு நிக்கிறேன். பயப்படாத, ஒம் மக சுடுற தோட்டாவத்தான் போட்டுருக்கேன். தப்பவே தப்பாது” என்றிருக்கிறார்.

தப்பவில்லை. ஐந்தில் ஒன்று பன்றியின் தோளில் பட்டது. பட்டு என்ன? அது இரண்டரை கிராம் ஈயம். காகிதத்தில் வட்டமாக ஓட்டை போடுவதற்காகச் செய்தது. பன்றியின் கொழுப்பில் குத்தூசி குத்தியதுபோல நின்றிருக்கும். வலியில் திரும்பிய பன்றி, தகரத்தோடு நின்ற என் அப்பாவின் தொடையை இடுப்பு வரை கிழித்துவிட்டுப் போனது. முப்பத்தாறு தையல். உன் அப்பா காரில் தூக்கிவந்து போட்டுவிட்டு, வார்டு வாசலில் வைத்து அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை: “ஆரோக்கியம், வேலிக் கம்பி கிழிச்சிருச்சுன்னு சொல்லணும். தெரிஞ்சுதா?”

டாக்டர் காயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேலிக் கம்பி என்றே எழுதிக்கொண்டார்.

அப்பாவின் சட்டையை அலசப் போனபோது பையில் ஒரு பச்சை டப்பா. மேலே 4417. உள்ளே சுட்டு முடித்த ஐந்து வெற்றுக் குப்பி. தொடையில் ரத்தம் ஒழுக ஒழுக என் அப்பா அதைப் பொறுக்கியிருக்கிறார். “தடயம் கெடக்கக் கூடாதுடா” என்றாராம் உன் அப்பா.

இப்போது எழுதப்போவதை யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடம்தான் சொல்ல முடியும். அந்த டப்பாவைத் திறந்ததும் எனக்கு முதலில் அப்பா நினைவு வரவில்லை. ‘ஐந்து போச்சே’ என்றுதான் தோன்றியது. ஐந்து 4417. பன்றிக்கு. குழாயடியில் நின்று அழுதேன். எதற்காக அழுதேன் என்று இன்னும் தெரியவில்லை. என்னை இப்படி ஆக்கியது யார் என்று மட்டும் தெரியும்.

டப்பா என்னிடம் இருக்கிறது.

ஷர்லி


கோயம்புத்தூர்
8.2.2025

ஷர்லி,

உன் எண்ணை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நீ எடுக்கமாட்டாய் என்று தெரியும். இதை போனில் சொல்லவும் எனக்கு வாய் வராது.

அது நடந்ததற்கு முந்தின நாள், புதன்கிழமை மதியம், மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா போன். “ஏம்மா, பன்னிக்கு எதப் போடுறது? டபுள் பேரல் வெடிச்சா ஊருக்கே கேக்கும். ஒன் சின்ன ரைபிளு சத்தம் வராதுல்ல?” என்றார். அது பத்தாதுப்பா, பன்றிக்குக் கனமான குண்டு வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், “பிச்சை மக சுடுறாளே, காசுக்குள்ள பத்தும் உழுகுமே, அது எது?” என்றார்.

உனக்கு இது புரியாது. லாட் பார்த்த அன்று சார் அந்த டார்கெட் பேப்பரை நீட்டியதும் அப்பா கையில் வாங்கி, “நம்ம பிள்ளையோடதா?” என்று சிரித்தார். “இல்லங்க, ஷர்லியோட ரைபிளு” என்றார் சார். அப்பா பேப்பரைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கார் வரைக்கும் கையில் வைத்திருந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், “அந்தத் தோட்டாவுல என்னமோ இருக்கு” என்றார். உன் கையில் என்னவோ இருக்கிறது என்று அவர் வாயில் வராது. தோட்டாவில்தான் இருக்கும். பிச்சை மகளிடம் எப்படி இருக்க முடியும்? அவருக்கு அது. எனக்கு வேறு. என் டார்கெட் பேப்பரை அவர் ஒரு நாளும் கார் வரை கொண்டுவந்ததில்லை. அதனால்தான் வாங்கித்தரச் சொன்னேன். நான்தான் சொன்னேன். வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒன்றைக்கூடச் சுடவில்லை.

போனில் அவர் கேட்டதும், “4417. அதுதான் குரூப் இறுக்கம்” என்றேன். குரூப் இறுக்கமாக, ஓட்டைகள் நெருங்கி விழுந்தால் மட்டும் பன்றி விழாது என்று எனக்குத் தெரியும். அப்பா சுடட்டும், ஒன்றும் விழாமல் போகட்டும், அந்தத் தோட்டா மேல் அவருக்கு இருக்கும் பக்தி போகட்டும் என்று நினைத்தேன். பன்றி திரும்பும் என்று நினைக்கவில்லை. பிச்சையை நிறுத்துவார் என்று நினைக்கவில்லை.

வெளியே தெரிந்தால் அப்பா உள்ளே போவார். என் லைசென்ஸ் போகும், இரண்டு ரைபிளும் போகும், இனி சுடவே முடியாது. டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடு ஷர்லி. மீதி எல்லாவற்றையும் கிளப்புக்கு எழுதித் தருகிறேன். ஆயிரம் பேப்பர் என்றாலும் நானே எழுதுகிறேன்.

அமுதா


மேலவயல்
17.2.2025

அமுதா,

தோட்டா வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை உன் அப்பாவின் காரில், கிளப் பெயரில், எல்லாக் கையெழுத்தோடும். தலைவர் மதுரையிலிருந்து அன்றே வந்தார்.

நீ கொடுத்ததாக நினைத்துக்கொள்ளாதே. உன் கடிதம் வருவதற்கு முன்பே என் அப்பா பேசி முடித்துவிட்டார். உன் அப்பா பழம் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தார். “என்ன வேணும் சொல்லுடா” என்றார். என் அப்பா எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. படுத்தபடியே சொன்னார்: “ஒண்ணும் வேணாங்கய்யா. அந்தத் தோட்டாவ எம் பிள்ளைக்குக் குடுத்துருங்க. நான் வேலிக் கம்பின்னே சொல்லிப்புடுறேன்.”

உன் அப்பா போன பிறகு நான் கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. “ஒன்னய யாரு கேக்கச் சொன்னது? ஒன் தொடையக் குடுத்துத்தான் எனக்குத் தோட்டா வாங்கணுமா?” அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னாத்தா, தொடைதான? தச்சா ஒட்டிக்கும். ஒனக்கு மார்ச்சு போனா வருமா?” என்றார்.

 

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். வேலிக் கம்பி என்று எழுதியதில் அப்பா ரேகை வைத்தார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். பச்சை டப்பாவை அடுப்பில் போட்டேன். குப்பிகளைக் கண்மாயில் எறிந்தேன். தடயம் அழித்ததில் எனக்கும் உன் அப்பாவுக்கும் இப்போது ஒரே கை.

சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனேன். முதல் பத்து. காசுக்குள் விழுந்தது, அமுதா. காசுக்குள் கூட இல்லை, அதன் நடுவில். வெட்கமாக இருந்தது. அதைவிட சந்தோஷமாக இருந்தது. திருப்பதி சார் பின்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிச்சை, பிச்சை என்று எழுதுகிறாயே, அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. உன் அப்பாவைவிட மூத்தவர். இனி எழுதினால் மரியாதையோடு எழுது.

இப்போது உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. படு பொறாமை. நன்றாகப் படு.

ஷர்லி


மேலவயல்
1.3.2025

ஷர்லி,

நீ இருப்பது இரண்டு தெரு தள்ளித்தான். நேரில் வரத் தைரியம் இல்லை. நாகராசு அண்ணன் நாளை ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். திங்கள்கிழமை இது உனக்குக் கிடைக்கும்போது எல்லாம் தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை வந்தேன். வாசலில் உன் அப்பா நின்றார். கம்பை ஊன்றிக்கொண்டு, கொல்லைத் தண்ணீர் பற்றிக் கேட்க வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கம்பை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்று, “வாங்கம்மா, எப்ப வந்தீங்க?” என்றார். கம்பு கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவரால் முடியவில்லை. நானும் எடுக்கவில்லை.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் ரைபிள், என் தோட்டா, என் அப்பா சுட்டார், நான்தான் எதைப் போடுவது என்று சொன்னேன், எல்லாம். உன் அப்பா பயத்தில்தான் வேலிக் கம்பி என்றார், அவர் மேல் தப்பில்லை என்றும் எழுதினேன். ரைபிளை ஒப்படைத்துவிட்டேன். இன்னொன்று கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும்.

கிளப்பில் இருந்த 4417-ஐயும் நேற்றே எடுத்துக்கொண்டார்கள். வழக்குப் பொருள் என்றார்கள். அதை உனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ தடுத்திருப்பாய்.

அப்பாவை நேற்றே கூட்டிக்கொண்டு போனார்கள். ஜீப்பில் ஏறும்போது என் பக்கம் திரும்பவில்லை. அம்மா சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

அமுதா


மேலவயல்
12.3.2025

அமுதவல்லி,

நாலாவது இடம். மூன்றாவதற்கும் எனக்கும் இடையில் பூஜ்யம் புள்ளி ஏழு.

போட்டிக்கு முந்தைய வாரம், புதன்கிழமை, கிளப்பில் அறுபது தோட்டாவுக்கு 618 அடித்தவள் நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போலீஸ் வந்து அலமாரியைக் காலி செய்தது. எண்ணி, சீல் வைத்து, அரக்கு உருக்கி ஊற்றினார்கள். அந்த அரக்கு வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மாநிலப் போட்டியில் கிளப்பில் கிடந்த கடைத்தோட்டாவை வைத்து 609 அடித்தேன். சுடும்போது சரியாகத்தான் விட்டேன். குண்டு அதன் இஷ்டத்துக்குப் போனது. ‘கடைத்தோட்டாவில் அடி, ஒத்துக்கொள்கிறேன்’ என்று எழுதினாயே. அடித்தேன். ஒத்துக்கொள்.

இனி எனக்கு ஜூனியர் இல்லை. சீனியரில் சொந்த ரைபிளோடு ஏற்கெனவே நிற்பவர்கள் நாற்பது பேர்.

உன் அப்பாவைப் பிடித்த அன்று சாயங்காலமே வக்கீல் வந்தார், மூன்றாம் நாள் ஜாமீன். என் அப்பா தையல் ஆறாத காலோடு ஸ்டேஷன் பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். “பொய் சொல்லி எங்களை அலையவிட்டியாடா?” என்று அவரைத்தான் கேட்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட என்னையும் கேட்டார்கள். அவர் மேல் தப்பில்லை என்று நீ எழுதிய வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

பேப்பரில் உன் போட்டோ வந்தது. ‘தந்தை என்றும் பாராமல் உண்மை சொன்ன துப்பாக்கி வீராங்கனை.’ அந்த நீல ஜாக்கெட்டில் இருக்கிறாய். டீக்கடை அய்யப்பன் அதை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். பஸ் ஏறும்போதெல்லாம் பார்க்கிறேன்.

கிழிந்தது என் அப்பாவின் தொடை. அந்த உண்மை என்னுடையது. அதையும் நீதான் எனக்கு முன்னால் போய்ச் சொல்லி வாங்கிக்கொண்டாய். நான் சொன்னால் என்ன ஆகும்? ‘பிச்சை மக பணம் கேட்டு மிரட்டுறா’ என்று ஆகும். நீ சொன்னால் போட்டோ. உண்மை பேசுவதற்கும் லைசென்ஸ் வேண்டும் போலிருக்கிறது, அதுவும் உன் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. உன் ரைபிளைப் பார்த்துப் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. ஸ்டேஷன் படியேறும்போது உனக்குப் பயம் இருந்திருக்கும், பட்டினி பற்றிய பயம் இருந்திருக்காது. அதைப் பார்த்துத்தான் என் வயிறு எரிகிறது.

பொய் சொல்லவில்லை நான். நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் பதக்கம் வாங்கியிருப்பேன். வாங்கிக்கொண்டு சாகும் வரை வேலிக் கம்பி என்றே சொல்லியிருப்பேன்.

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. 4417 உன் பீரோவில் இருந்தது, என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்போது நீ வரவில்லை. அவர் வீடு திரும்பிய பிறகும் வரவில்லை. என் அப்பா நிமிர்ந்து நின்றதைப் பார்த்து மனசு மாறியதுபோல எழுதியிருந்தாய். சரி. பார்ப்பதற்கு முன்னாலேயே பஸ் ஏறிவிட்டாயே. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, பயிற்சியை விட்டுவிட்டு, ஊருக்கு ஏன் வந்தாய்?

ஷர்லி


மேலவயல்
15.3.2025

ஷர்லி,

இந்தக் கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். போலீஸ் கேட்கவில்லை, பேப்பர்காரர் கேட்கவில்லை, வக்கீல்கூடக் கேட்கவில்லை.

கோயம்புத்தூரில் அந்தப் புதன்கிழமை நான் அடித்தது 611. புது ரைபிள், 4402, எல்லாம் எனக்கு உட்கார்ந்ததுதான். நன்றாக அடித்தேன் என்றுதான் நினைத்தேன். கோச்சும் தட்டிக் கொடுத்தார்.

உன் அப்பா நின்றது பொய்யில்லை. அந்தக் கம்பு விழுந்த சத்தம் பொய்யில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சாப்பாடு இறங்கவில்லை. நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

ஆனால் கேட்டுவிட்டாய். சாயங்காலம் ஆறு மணிக்குத் திருப்பதி சார் கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் உன் 618-ஐப் போட்டார். ஆறரைக்கு நான் பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.

அமுதவல்லி